கறுப்புச் சேம்பு பச்சையாகுது, பிளாக் வெல்வெட் ஓரம் கருகுது: மொட்டைமாடியில் எதை மாத்தணும்?

மேடவாக்கம் மாடி (கேள்வி)

வணக்கம். சென்னை, மொட்டைமாடி. கறுப்பு இலைச் செடிகளுக்குன்னு ஒரு மூலை. இப்போ அங்கே இருக்கிறது: பிளாக் மேஜிக் கொலோக்கேசியா (கறுப்புச் சேம்பு, 12 இன்ச் தொட்டி), அலோக்கேசியா பிளாக் வெல்வெட் (6 இன்ச்), ரேவன் இசட்இசட் (கறுப்பு இலை வர்ற இசட்இசட் செடி) ஒண்ணு, கருஞ்சிவப்பு கார்டிலைன் ரெண்டு.

நிலவரம் இதுதான். கிழக்கும் தெற்கும் திறப்பு, மேலே 50 சதவீதப் பச்சை நிழல்வலை. எல்லாத் தொட்டிக்கும் ஒரே கலவை: செம்மண் 2 பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1, மக்கின சாண எரு 1. போர்வெல் தண்ணி, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) மீட்டர் 1200 காட்டுது. தினமும் காலையில ஊத்துறோம். மாசம் ஒரு தடவை தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் யூரியா, கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்.

வாங்கும்போது கொலோக்கேசியா கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுப்பா இருந்தது. இப்போ வர்ற இலை பெரிசா, பச்சையா, நரம்புல மட்டும் ஊதா. பிளாக் வெல்வெட்டுக்கு இலை ஓரம் காகிதம் மாதிரி காய்ஞ்சு உள்பக்கம் நகருது. கார்டிலைன் நுனியும் அப்படித்தான். ரேவன்ல புதுக் குருத்து கிளிப்பச்சையில வந்திருக்கு, சாதா இசட்இசட்டைத் தலையில கட்டிட்டாங்களா?

வெயில்தான் காரணம்னு வலையை 75 சதவீதமா மாத்தலாம்னு யோசனை. சரியா?

இலைப்பித்து

75 வலை போட்டா பிளாக் வெல்வெட் வேணும்னா பிழைக்கும், கொலோக்கேசியா முழுப் பச்சையாயிடும். ரெண்டும் கறுப்புங்கிறதால ஒரே மூலையில வெச்சதுதான் முதல் சிக்கல். வலையைத் தொடாதீங்க, செடிகளைப் பிரிங்க.

கொலோக்கேசியாவுல பச்சையத்துக்கு மேல அந்தோசயனின்னு ஒரு ஊதா நிறமி படியுது. ரெண்டும் சேர்ந்தாத்தான் கண்ணுக்குக் கறுப்பு. இந்த நிறமி இலைக்குக் குடை மாதிரி, அதிக வெளிச்சம் விழும்போது செடி விரிக்குது. நிழல்ல குடை எதுக்கு? மடக்கி வெச்சுடும். 50 வலை, அதுக்கு மேல கைப்பிடிச்சுவர் நிழல்னா அதுக்கு வெளிச்சம் பத்தாது. கூடவே யூரியா வேற. யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து, ஒரு டீஸ்பூன் 4 கிராமுக்குக் குறையாது. இலை சீக்கிரமாவும் பெரிசாவும் விரியும், நிறமி அந்த வேகத்துக்கு ஏறாது.

ஒண்ணு கவனிங்க, வெளிச்சம் வேற, சூடு வேற. வெளிச்சம் கூடினா நிறமி கூடும், சூடு கூடினா குறையும். அதனாலதான் சித்திரை, வைகாசியில நல்ல வெயில்ல நிற்கிற கொலோக்கேசியாகூட ஒரு மாதிரி வெளுத்த பழுப்புல நிற்கும். மார்கழி, தையில அதே செடி மை மாதிரி ஆகும். மே மாசத்து நிறத்தைப் பார்த்துச் செடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

கொலோக்கேசியாவுக்குச் செய்ய வேண்டியது: வலைக்கு வெளியே, கிழக்கு வெயில் 11 மணி வரைக்கும் நேரா விழுற இடம். 12 முதல் 4 வரை சுவர் நிழல் வரணும். ஒரே நாள்ல வெளியே தள்ளாதீங்க, நிழல்ல வளர்ந்த இலை பொசுங்கும். முதல் நாலு நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாலு நாள் ரெண்டு மணின்னு ரெண்டு வாரத்துல பழக்குங்க. ஏற்கெனவே பச்சையா விரிஞ்ச இலை இனிமே அவ்வளவா கறுக்காது, அதை நம்பி உட்காராதீங்க. குருத்து விரியும்போது கொஞ்சம் பச்சை இருக்கும், வெயில்ல முதிர முதிரக் கறுக்கும். மூணாவது புது இலையை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.

தொட்டியைத் தளத்துல நேரா வைக்காம ரெண்டு செங்கல் மேல ஏத்துங்க. சிமெண்ட் தளத்தோட சூடு அடியில இருந்து வேரை வேக வைக்கும். கொலோக்கேசியாவோட கலவை ஓரளவு சரிதான், செம்மண் தப்பில்லை. வேப்பம்புண்ணாக்கு 50 கிராம் மேல்மண்ணுல கிளறி விடுங்க. இது ஈரம் விரும்புற சாதி, கோடையில அடியில ஒரு தட்டு வெச்சு ரெண்டு இன்ச் தண்ணி நிறுத்தலாம்.

யூரியா வேண்டாம். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமா இருக்கிற உரம்) லிட்டருக்கு 1 கிராம் ஒரு தடவை, 15 நாள் கழிச்சு பொட்டாசியம் சல்பேட் (0:0:50) லிட்டருக்கு 1 கிராம், இப்படி மாத்தி மாத்தி. சிவப்பு பொட்டாஷ் மலிவா கிடைக்குதுன்னு போடாதீங்க, அதுல குளோரைடு இருக்கு. உங்க தண்ணியில உப்பு ஏற்கெனவே போதும்.

பிளாக் வெல்வெட் போர்னியோவுல சுண்ணாம்புப் பாறைகள்ல, காட்டு நிழல்ல வளர்ற செடி. நேர் வெயில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. செம்மண்ணும் ஆகாது, தினமும் ஊத்தினா மண் இறுகி வேருக்குக் காத்துப் போகாது. இப்பவே மாத்துங்க:

1. செடியை வெளியே எடுத்து வேர்ல இருக்கிற மண்ணைத் தண்ணியில அலசிடுங்க.
2. பழுப்பா, அமுக்கினா தோல் உரியற வேரை ஸ்பிரிட்ல துடைச்ச பிளேடால வெட்டுங்க. வேருக்கு நடுவுல பட்டாணி அளவுக்குக் குட்டிக் கிழங்கு இருந்தா எறியாதீங்க.
3. தேங்காய் மட்டைத் துண்டு 4 பங்கு (ஒரு ராத்திரி ஊற வெச்சுப் பிழிஞ்சது), பெர்லைட் (எடையில்லாத வெள்ளை எரிமலைக்கல் குருணை) 2, அரை இன்ச் அளவுல உடைச்ச அடுப்புக்கரி 1, மண்புழு உரம் 1.
4. வேர் குறைஞ்சிருந்தா 4 இன்ச் தொட்டி போதும். பெரிய தொட்டியில ஈரம் காயாம தங்கி அழுகும்.
5. மூணு வாரத்துக்கு உரம் கிடையாது. விரலை ஒரு இன்ச் விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி.

அந்தக் குட்டிக் கிழங்கோட பழுப்புத் தோலை நகத்தால உரிச்சு, ஈர பெர்லைட்ல பாதி புதைச்சு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல வெயில் படாம வையுங்க. ஒண்ணரை மாசத்துக்குள்ள முளைக்கும். தாய்ச்செடி போனாலும் கையில ஒண்ணு இருக்கும்.

ரேவன்ல ஏமாத்தலை. அதுல குருத்து கிளிப்பச்சையாத்தான் வரும், சில மாசத்துல கறுக்கும். வாங்கும்போதே கறுப்பா இருந்த தண்டு கறுப்பாவே நிற்குதில்லையா, அதுதான் சாட்சி. ஆனா தினமும் தண்ணின்னு எழுதியிருக்கீங்களே! அடியில உருளைக்கிழங்கு மாதிரி தண்டுல தண்ணியைச் சேமிக்கிற செடிக்கு 15, 20 நாளுக்கு ஒரு தடவை போதும். தினமும் ஊத்துறதை முதல்ல நிறுத்துங்க.

உப்புக்கணக்கு

மேலே உள்ள பதிலில் வெளிச்சக் கணக்கு சரி. ஆனால் ஓரம் கருகுவதற்கும் கார்டிலைன் நுனிக்கும் முக்கியக் காரணம் தண்ணீர் என்றே படுகிறது. எளிதாகச் சோதிக்கலாம்: வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி, தொட்டியின் அடித்துளையில் வடிவதை ஒரு டம்ளரில் பிடித்து டிடிஎஸ் பாருங்கள். ஊற்றியது 1200. வடிவது எவ்வளவு?

மேடவாக்கம் மாடி

பார்த்தாச்சு. கொலோக்கேசியா 1900, கார்டிலைன் 2600, பிளாக் வெல்வெட் 2900. மண்ணு மேல வெள்ளைப் படலமும் இருக்கு, பூஞ்சைன்னு நினைச்சிருந்தேன்.

உப்புக்கணக்கு

பூஞ்சை விரலில் தேய்த்தால் மசியும், உப்பு நறநறக்கும். உங்களுடையது உப்புதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, அடியில் வடியாத அளவுக்கு ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிக்கொண்டே போகும். அது இலைக்குள் ஏறி, நீராவி வெளியேறும் கடைசி இடமான ஓரத்திலும் நுனியிலும் சேர்ந்து அங்கே திசுவைக் கொல்கிறது. பழைய இலையில் முதலில் தெரியும், மொறுமொறுப்பாகக் காயும். வேர் அழுகல் என்றால் மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கும், காம்பு கொழகொழக்கும், இலை மஞ்சளாகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, காய்கிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுபவர்கள்தான் அதிகம்.

கழுவும் முறை: தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை ஒரு மணி நேரத்தில் நான்கைந்து தவணையாக மெதுவாக ஊற்றி வடிய விட வேண்டும். உங்கள் 12 இன்ச் தொட்டிக்கு 40, 45 லிட்டர் ஆகும். வடியும் தண்ணீர் 1000-க்குக் கீழே வரும்வரை நிறுத்த வேண்டாம். வெள்ளைப் படலம் உள்ள மேல்மண்ணை அரை இன்ச் சுரண்டி எடுத்த பிறகே கழுவுங்கள், இல்லாவிட்டால் அதையே கரைத்து வேருக்கு அனுப்புவீர்கள். பிளாக் வெல்வெட்டைக் கழுவ வேண்டாம், எப்படியும் கலவை மாறப்போகிறது.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? மழைநீர் முதல் தரம். அடுத்தது ஏசி வடிநீர், அதில் உப்பு மிகக் குறைவு. போர்வெல் ஒரு பங்கு, ஏசி நீர் இரண்டு பங்கு கலந்தால் உங்கள் 1200 சுமார் 400-க்கு இறங்கும், இந்தச் செடிகளுக்கு அது போதும். ஏசியை ரசாயனம் அடித்துச் சுத்தம் செய்த அன்று வரும் நீரை மட்டும் பிடிக்காதீர்கள். ஆர்ஓ கழிவுக் குழாயில் வருவதைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. போர்வெல்லை விட அதிக உப்பு அதில்தான். வாசல் கழுவப் பயன்படுத்துங்கள்.

கார்டிலைனுக்குக் கூடுதலாக ஒன்று. டிரசீனாவைப் போல இதுவும் ஃபுளோரைடு தாங்காத செடி, மிகக் குறைந்த அளவிலேயே நுனி கருகும். சூப்பர் பாஸ்பேட்டில் ஃபுளோரைடு இருக்கிறது, அதை உடனே நிறுத்துங்கள். பெர்லைட்டிலும் சிறிது உண்டு, ஆகவே கார்டிலைன் கலவையில் அதற்குப் பதில் கழுவிய பருமணல் போடுங்கள். இதைப் படிக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் ஃபுளோரைடு கூடிய நிலத்தடி நீரை நம்பிக் கார்டிலைன் வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கவும்.

உங்கள் கோகோபீட் கழுவியதா? கழுவாத கட்டி என்றால் அதிலும் உப்பு. 5 கிலோ கட்டியை 25 லிட்டரில் ஊற வைத்து, பிழிந்து, இன்னும் இரண்டு முறை புதுத் தண்ணீரில் அலசிய பிறகே கலவைக்கு.

கறுப்பு இலையில் சத்துக்குறை தெரிவதும் வேறு மாதிரி. உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் மண்ணின் பிஹெச் (காரத்தன்மை) ஏறி, இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் போகும். பச்சைச் செடியில் குருத்து மஞ்சளாகும், நரம்பு பச்சையாக நிற்கும், எல்லோருக்கும் புரியும். கறுப்புச் செடியில் பச்சையம் குறைந்ததும் ஊதா மட்டும் தெரிவதால் குருத்து செங்கல் நிறத்தில் வரும். புது நிறம் அழகாக இருக்கிறதே என்று படம் பிடித்துப் போடுகிறார்கள்! அது பசி. இரும்பு வாங்கும்போது பாக்கெட்டில் ஈடிடிஹெச்ஏ என்று இருக்கிறதா பாருங்கள். ஈடிடிஏ வகை பிஹெச் ஏறிய மண்ணில் அதிகம் வேலை செய்யாது. 2 லிட்டருக்கு 1 கிராம் கரைத்து வேரில் ஊற்ற வேண்டும், மாதம் ஒரு முறை.

குமரித் தோட்டம்

இலைப்பித்து சொன்ன தட்டு விஷயத்துல மட்டும் ஒத்துப்போக முடியலை. ரெண்டு இன்ச் தண்ணி தட்டுல நின்னா டெங்கு கொசு ஒரு வாரத்துல அங்கேயே பெருகும். மாநகராட்சி ஆளு வந்து பார்த்தா தட்டுக்குத்தான் முதல் கேள்வி. வைக்கணும்னா மூணு நாளுக்கு ஒருக்கா கவிழ்த்து, தேய்ச்சுக் கழுவி வைக்கணும். சும்மா மேல மேல ஊத்துனா முட்டை தட்டோட ஓரத்துல ஒட்டிக்கிட்டே இருக்கும். உப்புத் தண்ணிக்காரங்களுக்குத் தட்டு இன்னொரு வகையிலயும் கேடு, கழுவி வடிஞ்ச உப்பு மறுபடி மேல ஏறும்.

ஐப்பசி அடைமழை தொடங்குனா தட்டே கூடாது. எங்க பக்கம் ரெண்டு பருவமழையும் உண்டு, சேம்புன்னாலே இலைக்கருகல் நோய்தான் பேச்சு. பிளாக் மேஜிக்கும் நம்ம சேப்பங்கிழங்கு இனம்தான், அதே நோய் இதுக்கும் வரும். இலையில தண்ணி நனைஞ்ச மாதிரி வட்டப் புள்ளி, ரெண்டு மூணு நாள்ல ரூபாய்க்காசு அளவு, நடுவுல மஞ்சள் ஆரஞ்சு நிறத்துல பிசின் மாதிரி துளி. கறுப்பு இலையில புள்ளி கண்ணுக்குத் தெரியாது, இலையைத் தூக்கிச் சூரியனுக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. கண்டதும் அந்த இலையைக் காம்போட வெட்டிக் குப்பைக்கு அனுப்புங்க, உரக்குழியில போடாதீங்க. மெட்டலாக்சில், மாங்கோசெப் கலந்த மருந்து லிட்டருக்கு 2 கிராம், மழை விட்ட நாள்ல இலையோட ரெண்டு பக்கமும் படணும். முகமூடி, கையுறை இல்லாம அடிக்காதீங்க.

மருந்துக்கு முன்னாடியே செய்யக்கூடியது: மழைக்காலத்துல தொட்டிக்குத் தொட்டி ரெண்டு அடி இடைவெளி, தண்ணியை இலை மேல ஊத்தாம மண்ணுல ஊத்துறது, வேப்பம்புண்ணாக்கோட டிரைக்கோடெர்மா (நோயைத் தடுக்கிற நல்ல பூஞ்சை) கலந்து ஒரு வாரம் ஈரத்துல மூடி வெச்சு மண்ணுல போடுறது.

கோடையில எதிரி வேற ஆளு, செஞ்சிலந்தி. கறுப்பு இலை சாம்பல் பூத்த மாதிரி மங்கிக்கிட்டே வந்தா நிறம் போகுதுன்னு உரத்தைத் தேடாதீங்க. இலைக்கு அடியில வெள்ளைத்தாளை வெச்சுத் தட்டுங்க, புள்ளி புள்ளியா விழுந்து நடந்தா அதுதான். மூணு நாளுக்கு ஒருக்கா இலையோட அடிப்பக்கத்தைத் தண்ணியைப் பீச்சிக் கழுவுனாலே பாதி போயிரும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் 2 மில்லி, வெயில் இறங்குன பிறகு. காலையில எண்ணெய் அடிச்சுட்டு வெயில்ல விட்டா இலை பொரிஞ்சிரும். பிளாக் வெல்வெட்டுக்கு எண்ணெயே வேண்டாம், அந்த வெல்வெட் மினுமினுப்பு போனா திரும்பாது. அதுக்கு ஈரப் பஞ்சால துடைக்கிறதோட நிறுத்துங்க.

கார்டிலைன் இலைக்கக்கத்துல மாவுப்பூச்சி ஒளியும். எறும்பு வரிசை தொட்டியில ஏறுதுன்னா பூச்சி வந்தாச்சு. காது குடையுற பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்ல தொட்டு ஒவ்வொண்ணா எடுங்க.

மேடவாக்கம் மாடி

ரொம்ப நன்றி. தட்டு எடுத்தாச்சு, ஏசி பைப்புக்கு அடியில டிரம் வெச்சாச்சு. இன்னொரு கேள்வி: தெற்குப் பக்கம் 3 மணி வரைக்கும் வெயில் கொளுத்துற இடம் காலியா இருக்கு, வலை இல்லை. அங்கே நிற்கிற கறுப்பு இலைச் செடி ஏதாவது உண்டா?

இலைப்பித்து

உண்டு, விலையும் குறைவு. முதல்ல ஊதா டிரடெஸ்காந்தியா. மெக்சிகோ பக்கத்துச் செடி, ரோட்டு நடுத்திட்டுல எல்லாம் பார்த்திருப்பீங்க. நிழல்ல வெச்சா பச்சையடிக்கும், கொளுத்துற வெயில்ல ஆழ்ந்த ஊதா. 10 சென்டிமீட்டர் துண்டை ஒடிச்சு ஈர மண்ணுல குத்தினா போதும். தண்டு நீண்டு அடி மொட்டையானா மொத்தமா வெட்டி அந்தத் துண்டுகளையே அங்கே நடுங்க.

அடுத்து கருஞ்சிவப்பு ஆல்டர்னாந்தெரா, நம்ம பொன்னாங்கண்ணிக்கு உறவு. இதோட சிவப்பு அந்தோசயனின் இல்லை, பீட்ரூட், தண்டுக்கீரைச் சிவப்போட சாதி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நுனி கிள்ளலைன்னா குச்சியாயிடும், கிள்ளினா குடை மாதிரி அடர்த்தியா வரும். கறுப்பு இலைச் சர்க்கரைவள்ளியும் தொங்கவிட நல்லா இருக்கும்.

உயரமா ஒண்ணு வேணும்னா பர்கண்டி ரப்பர் செடி. மேகாலயாவுல உயிரோட வேர்ல பாலம் பின்றாங்களே, அதே மரம்தான். அதனால தரையில, அதுவும் சம்ப் பக்கத்துல, வைக்கவே வைக்காதீங்க. 14 இன்ச் தொட்டியில அடைச்சு வையுங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேரைக் கால்வாசி வெட்டி மறுபடி நடுங்க.

வேண்டாம்னு சொல்றது ரெண்டு. செம்பு நிற யூஃபோர்பியா கோட்டினிஃபோலியா, நிறம் பிரமாதம், ஆனா பால் கண்ணுல பட்டா ஆபத்து, கிளை வெட்டுறது தினசரி வேலையான மாடித்தோட்டத்துக்குச் சரிப்படாது. இன்னொண்ணு ஊதா மினுக்குற ஸ்ட்ரோபிலாந்தஸ், பெர்ஷியன் ஷீல்ட்னு விற்பாங்க. பெர்சியாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, மியான்மார்ச் செடி, நம்ம குறிஞ்சியோட பேரினம். அந்தத் தெற்கு வெயில்ல நிற்காது. வலைக்கு அடியில கொலோக்கேசியா காலி பண்ணின இடத்துல வையுங்க. முதிர்ந்த செடியில நிறம் மங்கும், வருஷா வருஷம் மூணு கணுத் துண்டு வெட்டி மணல்ல வேர் விட வெச்சுப் புதுசாக்கிக்கிட்டே இருக்கணும்.

எல்லாத்துக்கும் பின்னாடி வெள்ளைச் சுவரோ வெளிர் மஞ்சளோ இருக்கட்டும். சாம்பல் நிறச் சுவருக்கு முன்னாடி கறுப்புச் செடி வெச்சா பத்தடி தள்ளி நின்னா காலித் தொட்டி மாதிரிதான் தெரியும்.

கீரைக்கட்டு

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். சேப்பங்கிழங்கு இனம்னு சொல்றீங்களே, இந்தக் கறுப்புச் சேம்புக் கிழங்கைச் சமைக்கலாமா?

குமரித் தோட்டம்

வேண்டாம். அழகுக்குன்னு எடுத்த ரகம், கிழங்கு பெருக்காது, கொடி விட்டுப் பக்கத்துல கன்று வைக்கும். மேல அடிச்ச மருந்தும் சாப்பாட்டுக்கு ஆகாதது. சேம்புல இருக்கிற ஆக்சலேட் ஊசிதான் நாக்கு அரிக்கக் காரணம். நம்ம சேப்பங்கிழங்கையே நல்லா வேக வெச்சுப் புளி விட்டுத்தான் சாப்பிடுறோம். பிளாக் வெல்வெட் அலோக்கேசியா, அதோட எந்தப் பாகமும் வாய்க்குப் போகக்கூடாது. ரேவனும் அப்படியே. வீட்டுல தவழுற குழந்தை, இலை கடிக்கிற நாய் இருந்தா இந்த மூணையும் இடுப்பு உயரத்துக்கு மேல ஸ்டாண்டுல வையுங்க. கன்று பிரிக்கும்போது கையுறை போடுங்க. மறந்து கை அரிச்சா சோப்பு போட்டு நல்லா கழுவுங்க. கண்ணைக் கசக்கிராதீங்க.